ஹெல்மெட்டுக்குள் ஒரே ஒரு விளக்கு: டிராக்கில் ஹட் பொருத்தப் போகிறவர்களுக்கு

டிராக் டேக்கு, அதாவது பந்தய டிராக்கில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போக ஆரம்பித்த எல்லோருக்கும் மூன்றாவது, நாலாவது தடவையில் இந்த ஆசை வந்துவிடும். போர் விமானிகளுக்கு இருப்பதுபோல ஹெல்மெட்டுக்குள்ளேயே வேகம், கியர், ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), லேப் டைம் (டிராக்கை ஒருமுறை சுற்றும் நேரம்) எல்லாம் கண்ணெதிரே மிதந்தால் எப்படி இருக்கும்? எனக்கும் வந்தது. அதற்காக ஒரு கிளிப் மாடல் ஹெட்-அப் டிஸ்ப்ளே வாங்கி, அதில் பாதிப் பணத்தை வீணடித்து, வண்டியையும் ஹெல்மெட்டையும் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் ஓரளவு பயன்படும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் ஓட்டுவது கார், சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில். பைக் ஆட்களுக்கு விஷயம் மாறும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். இனி சுருக்கமாக ஹட் என்றே எழுதுகிறேன்.

முதலில் இது தேவையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 42 மீட்டர் போகிறீர்கள். டேஷ்போர்டைக் குனிந்து பார்த்து நிமிர அரை வினாடி என்று வைத்தால் 21 மீட்டர் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். எஃப்1 காரில் 300 கி.மீ. என்றால் அதே அரை வினாடியில் 42 மீட்டர். தலை குனிவது மட்டும் இல்லை, வளைவு எவ்வளவு தூரம் என்று காட்டும் பிரேக்கிங் போர்டை நூறு மீட்டர் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த கண், முக்கால் மீட்டர் தூரத்தில் டேஷில் இருக்கும் மீட்டருக்கு ஃபோகஸ் மாற்றி, மறுபடி தூரத்துக்கு மாற்ற வேண்டும். நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இது இன்னும் மெதுவாகத்தான் நடக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். நல்ல ஹட் செய்யும் வேலையே இந்த இரண்டையும் குறைப்பதுதான். லென்ஸ் வழியாகப் படத்தைச் சில மீட்டர் தள்ளி இருப்பதுபோல் காட்டுவதால், திரை கண்ணிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் இருந்தாலும் கண் ஃபோகஸை அதிகம் மாற்ற வேண்டியதில்லை. லென்ஸ் எதுவும் இல்லாமல் ஒரு குட்டித் திரையை மட்டும் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒட்டித் தரும் மலிவு சாமான்களை வாங்காதீர்கள், அவ்வளவு கிட்டத்தில் எழுத்தைப் படிக்க எந்தக் கண்ணாலும் முடியாது.

அப்படியென்றால் எஃப்1காரர்கள் ஏன் ஹெல்மெட்டுக்குள் திரை வைப்பதில்லை? அவர்களுக்கு ஸ்டீயரிங்கிலேயே 4.3 அங்குலத் திரை, அதன் மேல் விளிம்பில் கியர் மாற்றும் நேரத்தைச் சொல்லும் ஷிப்ட் விளக்குகள், இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கொடி (முன்னால் ஆபத்து), நீலக் கொடி (பின்னால் வேகமான கார்) காட்டும் விளக்குகள், காதில் என்ஜினியர். எண்களைப் படிப்பது நேர்ச்சாலையில் மட்டும். மற்ற நேரத்தில் ஓரக்கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்தே கியர் மாற்றுகிறார்கள். நாம் ஹெல்மெட்டுக்குள் கொண்டுவர வேண்டியதும் அந்த வெளிச்சத்தைத்தான், திரையை இல்லை. இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

வாங்குவதற்கு முன் இந்தப் பொருட்களின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், பர்ஸுக்கு நல்லது. ஸ்கல்லி என்ற அமெரிக்க கம்பெனி 2014ல் இணையத்தில் மக்களிடம் 24 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் திரட்டியது, ஹட்டும் பின்பக்கக் கேமராவும் உள்ள பைக் ஹெல்மெட் தருவதாகச் சொல்லி. 2016ல் கம்பெனி மூடப்பட்டது, பணம் கட்டிய ஏராளமானவர்களுக்கு ஹெல்மெட் வரவே இல்லை. நுவிஸ் 2017ல் 699 டாலருக்கு ஒரு கிளிப் ஹட் விற்றது, உண்மையிலேயே வேலை செய்த பொருள், அதுவும் 2019 கடைசியில் கடையைக் கட்டியது. பிஎம்டபிள்யூ 2016ல் லாஸ் வேகஸ் கண்காட்சியில் ஹட் உள்ள ஹெல்மெட்டைக் காட்டியது, ஆனால் 2023ல் கடைக்கு வந்தது என்னவோ ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கண்ணாடி. அவ்வளவு பெரிய கம்பெனியே ஹெல்மெட்டைத் தொடாமல் கண்ணாடிக்கு வந்து நின்றதை யோசித்துப் பாருங்கள். ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ரெசல்யூஷன் எவ்வளவு என்பதில்லை. கம்பெனியின் ஆப்பும் சர்வரும் நாளைக்கே இல்லாமல் போனாலும் இந்தப் பெட்டி வேலை செய்யுமா என்பதுதான்.

இரண்டாவது கேள்வி விதிமுறை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி, உற்பத்தி ஆன நிலையிலிருந்து ஹெல்மெட்டை மாற்றக்கூடாது. மாற்றுவதென்றால் அந்தத் தயாரிப்பாளரும், அங்கீகாரம் கொடுத்த அமைப்பும் ஒப்புக்கொண்ட முறைப்படிதான். ஓட்டை போடுவது, ஸ்க்ரூ அடிப்பது, உள்ளே சுரண்டி இடம் பண்ணுவது எல்லாம் இதில் அடக்கம். எஃப்1ல் ஓட்டுநரின் கண் மட்டத்திலிருந்து காட்டுகிறார்களே ஒரு வீடியோ, அந்தக் குட்டிக் கேமரா சில கிராம்தான், நெற்றிப்பொட்டுப் பக்கத்து மெத்தைக்குள் உட்காரும். அதைக்கூட ஹெல்மெட்டோடு சேர்த்துச் சோதித்து அங்கீகாரம் வாங்கித்தான் 2021ல் பெல்ஜியத்தில் ஓட்டுநர் அலோன்சோவின் ஹெல்மெட்டில் ஓடவிட்டார்கள், 2023ல்தான் எல்லா ஓட்டுநருக்கும் போனது. இத்தனைக்கும் அது ஓட்டுநருக்கு எதையும் காட்டுவதில்லை, பார்க்க மட்டும்தான் செய்கிறது. நம் நாட்டு மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அனுமதியுடன் நடக்கும் பந்தயம் என்றால் ஹெல்மெட்டுக்குள் எதையாவது ஒட்டிக்கொண்டு போய் ஸ்க்ரூட்டினியில் நிற்காதீர்கள், முன்கூட்டியே எழுதிக் கேட்டு பதில் வாங்கி வையுங்கள். டிராக் டே என்றால் அமைப்பாளரைப் பொறுத்தது. என்னைத் திருப்பி அனுப்பியவர் சொன்னது ஒரே வரி: "விழுந்தா அது உன் கண்ணுக்குள்ளதான் போகும் தம்பி." அன்றைக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் கிளிப்பைக் கையில் பிடித்து முனையைப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது.

அவர் சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2009 ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஒரு ஸ்பிரிங் எஃப்1 ஓட்டுநர் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில், இடது கண்ணுக்கு மேலே, வைசர் (ஹெல்மெட்டின் முன்பக்க மூடி) விளிம்பில் அடித்தது, மண்டையோடு உடைந்தது. அதற்கப்புறம் வைசரின் மேல் விளிம்பில் சைலான் என்ற உறுதியான இழையில் ஒரு பட்டை சேர்த்தார்கள், எஃப்ஐஏவின் 2018 தர ஹெல்மெட்டில் கண் திறப்பின் மேல் விளிம்பையே 10 மி.மீ. கீழே இறக்கினார்கள். அவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் காப்பாற்றிய இடத்தில் நாம் இணையத்தில் வாங்கிய பிளாஸ்டிக்கைத் தொங்கவிடக்கூடாது. ஆக நெற்றிப் பக்கம் எதுவும் வேண்டாம். தலைக்கும் உள்ளே இருக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில் கடினமான எதுவும் வேண்டவே வேண்டாம், அடி விழும்போது தெர்மோகோல் நசுங்கித்தான் உங்களைக் காப்பாற்றுகிறது, நடுவில் ஒரு பேட்டரி இருந்தால் அது மண்டையில் பதியும். பசை விஷயமும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் தெர்மோகோல் மாடல் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ரப்பர் பசையைத் தடவினால் அது கரைந்து குழியாகும். ஹெல்மெட்டுக்குள்ளும் அதேதான் நடக்கும், துணிக்கு அடியில் நடப்பதால் தெரியாது. கழற்றி மாட்டும் கன்னத்து மெத்தையின் துணியில் வெல்க்ரோவை வைத்துத் தைத்துக்கொள்ளலாம், அல்லது கொஞ்சம் இழுத்தால் கழன்று வரும் கிளிப். அதற்கு மேல் போகவேண்டாம்.

இப்போது எதை வாங்குவது, எங்கே வைப்பது.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, ஹெல்மெட்டை விட்டுவிட்டு காரில் ஆரம்பியுங்கள். டேஷின் மேல் விளிம்பில், ஸ்டீயரிங்குக்கு மேலே, விண்ட்ஷீல்டுக்கு அடியில் ஒரு ஷிப்ட் லைட். நேராகப் பாதையைப் பார்க்கும்போது ஓரத்தில் தெரிகிற மாதிரி. செலவு குறைவு, ஸ்க்ரூட்டினியில் கேள்வி இல்லை, எனக்குத் தேவைப்பட்டதில் முக்கால்வாசி அதிலேயே கிடைத்தது. போனை டேஷில் படுக்கப் போட்டு விண்ட்ஷீல்டில் எண்களைப் பிரதிபலிக்க வைக்கும் ஆப்கள் இருக்கின்றன, அதை மட்டும் செய்யாதீர்கள். சாதாரண விண்ட்ஷீல்டின் இரண்டு பரப்பிலும் பட்டு எழுத்து இரண்டு இரண்டாகத் தெரியும், முதல் வளைவிலேயே போன் பறந்து கால் பக்கம் போய் பெடலுக்கு அடியில் விழும் அபாயம் வேறு.

அது போதவில்லை என்றால் அடுத்தது கண்ணாடி வகை. மூக்கில் மாட்டும் ஸ்மார்ட் கிளாஸ். ஹெல்மெட்டைத் தொடவே இல்லை என்பது பெரிய வசதி. வாங்கும்போது உங்கள் ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய், ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் துணி முகமூடியான பாலக்லாவாவும் போட்டு, அதன் மேல் மாட்டிப் பாருங்கள். காம்பு நேராகவும் மெலிசாகவும் இல்லையென்றால் இருபது நிமிடத்தில் காதுக்கு மேலே வலி ஆரம்பித்து மூன்றாவது லேப்பில் அது ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கும். லென்ஸ் உடையாத பாலிகார்பனேட்டாக இருக்க வேண்டும். பவர் கண்ணாடி போடுபவர்கள் அதே பவரில் லென்ஸ் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் கான்டாக்ட் லென்ஸ்.

மூன்றாவது, சின் பாரின் (ஹெல்மெட்டின் தாடைப் பகுதி) உள்ளே அல்லது வெளியே மாட்டும் கிளிப் வகை. இதைத்தான் நான் வாங்கினேன். பைக் ஆட்களுக்கு இது பழக்கமான உருவம். டிராக்கில் இதைவிடக் கண்ணாடி மேல் என்பது என் கருத்து, ஆனால் கையில் ஏற்கெனவே இருக்கிறது என்றால் சரி, ஒழுங்காகப் பொருத்துவோம்.

எந்தக் கண்ணுக்கு என்று பார்க்க, இரண்டு கையையும் நீட்டி விரல்களால் ஒரு சின்ன முக்கோண ஓட்டை செய்து, தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை அதற்குள் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கம்பம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண். எழுத்து, எண் படிப்பதாக இருந்தால் திரை அந்தப் பக்கம் வருவது வசதி. ஆனால் டிராக் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் முக்கியம். கடிகாரச் சுற்றில் ஓடும் டிராக்கில் வலது வளைவுகள்தான் அதிகம், வளைவின் உள்முனையைத் தேடும் கண் வலது பக்கம்தான் போய்க்கொண்டிருக்கும். அங்கே ஒரு திரை மறைத்தால் என்ன பயன்? நான் ஆளும் கண்ணை மறந்துவிட்டு இடது கீழ் மூலைக்கு மாற்றினேன், ஒளியை மட்டும் பார்ப்பதால் எந்தக் கண் என்பது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. பைக் ஆட்கள் இன்னும் கவனம், நீங்கள் டேங்கில் படுத்துக்கொண்டு புருவத்துக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறீர்கள், அந்த நிலையில் கீழ் மூலை கண்ணிலிருந்து இன்னும் தூரம் போய்விடும். பொருத்துவதை ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் படுத்துக்கொண்டே செய்யுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து செய்யாதீர்கள்.

எவ்வளவு கீழே? கையை முழுக்க நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. நேர்ப்பார்வையிலிருந்து ஒரு முஷ்டிக்கும் ஒன்றரை முஷ்டிக்கும் நடுவில் வரும்படி வையுங்கள். அதற்குள் வந்தால் பாதையை மறைக்கும், அதைத் தாண்டினால் கண்ணைத் திருப்பித் தேட வேண்டியிருக்கும். வைத்த பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து மேலும் கீழும் உலுக்குங்கள். படம் மறைந்து மறைந்து வந்தால் ஹட் மேல் தப்பில்லை, ஹெல்மெட் தொளதொளவென்று இருக்கிறது. அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது அது முன்னால் சரியும், சரியாக ஷிப்ட் பார்க்க வேண்டிய நேரத்தில் படம் காணாமல் போகும்.

எதைக் காட்டுவது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். கண்ணின் நடுவில் இரண்டு டிகிரி அளவில்தான் எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடியும், நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம். அதற்கு வெளியே எழுத்து வெறும் கோழிக்கிறுக்கல், ஆனால் மினுக்கல் பளிச்சென்று தெரியும். ஆகவே ஓரத்தில் 6,420 என்று ஆர்பிஎம் ஓடிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை, அதைப் படிக்க நீங்கள் கண்ணை அங்கே கொண்டுபோக வேண்டும், கொண்டுபோனால் டேஷைப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். 1980ல் நாசா வெளியிட்ட ஓர் ஆய்வில், சிமுலேட்டரில் ஹட் வழியாகப் பார்த்துக்கொண்டே விமானத்தை இறக்கியவர்களில் சிலருக்கு ஓடுபாதையில் குறுக்கே நின்ற இன்னொரு விமானமே கண்ணில் படவில்லை. அனுபவமுள்ள விமானிகள். படம் கண்ணெதிரே இருந்தாலும் புத்தி எண்களில் இருந்தது. நம் விஷயத்தில் குறுக்கே நிற்பது சுழன்று நின்ற இன்னொரு காராக இருக்கும்.

என் அமைப்பில் ஷிப்ட் மினுக்கல் ஒன்று மட்டும் எப்போதும். பிட் பக்கத்து நேர்ச்சாலையில் மட்டும் முந்தைய லேப்பைவிட வினாடியில் எத்தனை பத்தில் ஒரு பங்கு கூட, குறைய என்று மூன்று நொடிக்கு வந்து போகும். எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ என்ஜின் சூடு எல்லை தாண்டினாலோ வேறு மாதிரி மினுக்கல். வேகம் வேண்டாம். டிராக்கில் வேகம் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள், அதை மாலையில் லாப்டாப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை, நானே மாட்டிக்கொண்டு கற்றது. முதலில் மஞ்சள் மினுக்கல் வைத்திருந்தேன். மூன்றாவது லேப்பில் ஓரக்கண்ணில் மஞ்சள் பட்டதும் மஞ்சள் கொடி என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டேன், பின்னால் வந்தவர் அன்றைக்கு என்னை இடித்துத் தள்ளாமல் போனது அவர் பெருந்தன்மை. அதைவிட மோசம், நாலு நாள் பழகிய பிறகு நிஜ மஞ்சள் கொடியைக்கூட ஷிப்ட் லைட் என்று மூளை தள்ளிவிடலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் டிராக் ஓரத்தில் நின்று கொடி காட்டும் மார்ஷல்களுடையவை, ஹெல்மெட்டுக்குள் வேண்டாம். நான் இப்போது ஊதா வைத்திருக்கிறேன்.

வெளிச்சம். சித்திரை வெயிலில் வெளுத்த கான்கிரீட் 10,000 நிட்ஸ் (பிரகாசத்தின் அளவு) பக்கம் போகும், நல்ல போன் திரையே ஆயிரம், இரண்டாயிரம்தான். பின்னால் உலகம் தெரியும் கண்ணாடி வகை ஹட்டுக்கு இது பெரிய சோதனை, கடைக்குள் அழகாகத் தெரிவது டிராக்கில் மாயமாகிவிடும். ஒரு வழி இருக்கிறது: ஹட் வைசருக்கு உள்ளே இருந்தால் நிறம் ஏற்றிய ஸ்மோக் வைசர் போடுங்கள். வெளி வெளிச்சம் குறையும், ஹட் குறையாது. மாலை ஐந்து மணி செஷனுக்கு அதே வைசர் ஆகாது, அப்போது தெளிவான வைசருக்கு மாற்றிவிட்டு ஹட் பிரகாசத்தையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் இருட்டில் டார்ச் அடித்ததுபோல் இருக்கும். தானாகச் சரிசெய்யும் சென்சார் உள்ளதாக இருந்தால் நல்லது. வைசருக்கு உள்ளே போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர்கள் முதலில் அதைப் போட்டுக்கொண்டு ஹட் தெரிகிறதா என்று பாருங்கள், எல்சிடி வகைத் திரை சில கோணத்தில் கறுத்துப்போகும்.

நம் ஊர் வெக்கையில் இன்னொன்று, வியர்வை. மூச்சுக் காற்று நேராகப் படும் இடத்தில் லென்ஸ் இருந்தால் பனி மூடிவிடும், என் முதல் கிளிப் மூன்று லேப் தாண்டியதே இல்லை. மூச்சுக் காற்றைக் கீழே திருப்பும் மூக்கு மறைப்பை ஒழுங்காகப் போட்டு, கிளிப்பைக் கன்னத்துப் பக்கமாக ஒரு விரல் நகர்த்தியதில் சரியானது.

பேட்டரி தலையில் இருக்கக்கூடாது. லித்தியம் செல் அடிபட்டால் தீப்பிடிக்கலாம், அதை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு நெருப்புத் தாங்கும் சூட் போடுவது வேடிக்கைதான். வயரைக் கீழே இறக்கி, பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் கட்டி, நடுவில் லேசாக இழுத்தாலே கழன்றுவிடும் காந்த இணைப்பு ஒன்று போடுங்கள். வயர் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் சாதனத்தின் பட்டைக்கு அடியில் போகக்கூடாது. காரை விட்டு வெளியே குதிக்கும்போது, அல்லது மார்ஷல் வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது, எதுவும் சிக்காமல் வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நாலைந்து தடவை காரிலிருந்து இறங்கிப் பழகுங்கள். கண்ணாடியிலேயே பேட்டரி உள்ள வகை என்றால் இந்த வசதி கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அப்புறம் தாமதம். இதைச் சரிசெய்யாமல் ஹட் பயன்படுத்துபவர்கள் எல்லோரும் என்ஜின் அதிகம் சுற்றாமல் தடுக்கும் லிமிட்டரில் இடித்துவிட்டு பொருளைத் திட்டுவார்கள். காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஓபிடி புளூடூத் சாமான் காரிலிருந்து ஆர்பிஎம் கேட்டு, போனுக்கு அனுப்பி, போன் ஹட்டுக்கு அனுப்புவதற்குள் 200 மில்லி வினாடி போய்விடலாம். இரண்டாவது கியரில் வினாடிக்கு 3,000 ஆர்பிஎம் ஏறும் கார் என்றால் அதற்குள் 600 ஏறிவிட்டது. அதை அளக்க, காரை நிறுத்தி வைத்து, போனில் 240 பிரேம் ஸ்லோ மோஷனில் காரின் மீட்டரும் ஹட்டும் ஒரே படத்தில் வரும்படி எடுத்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். மீட்டர் முள் குறித்த எண்ணைத் தாண்டியதற்கும் ஹட் மினுங்கியதற்கும் நடுவில் எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள், 48 பிரேம் என்றால் 200 மில்லி வினாடி. முள்ளுக்கும் கொஞ்சம் தாமதம் உண்டு, பரவாயில்லை, தோராயம் போதும். இதோடு உங்கள் கை அசைய எடுக்கும் கால் வினாடியையும் சேர்த்தால், 6,500ல் மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது கியரில் 5,200க்குக் கொஞ்சம் கீழேயே விளக்கு எரிய வேண்டும். மூன்றாவதில் ஏறும் வேகம் பாதிதான் என்றால் 5,800 போதும். கியருக்குக் கியர் தனி எண் வைக்க வழி உள்ள சாதனமாகப் பாருங்கள், காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் கேன் வயரிலிருந்து நேராக எடுக்க முடிந்தால் தாமதம் நன்றாகவே குறையும். லேப் டைமுக்குப் போனின் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள், வினாடிக்கு ஒரு முறை படித்தால் 150 கி.மீ. வேகத்தில் ஒவ்வொரு 42 மீட்டருக்கும் ஒரு புள்ளிதான். வினாடிக்கு 10 அல்லது 25 முறை படிக்கும் தனி ஜிபிஎஸ் பெட்டி வாங்கி மாட்டுங்கள்.

முதல் நாள் டிராக்குக்குப் போகும்போது ஹட் அணைந்தே இருக்கட்டும், மாட்டிக்கொண்டு ஐந்து லேப். அந்தப் பொருள் அங்கே இருப்பதே தொந்தரவாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த செஷனில் ஷிப்ட் மினுக்கல் மட்டும். மூன்றாவதில்தான் லேப் டெல்டா, முந்தைய லேப்போடு உள்ள அந்த வித்தியாசம். ஒவ்வொன்றிலும் சிறந்த லேப்பைப் பார்க்காதீர்கள், ஐந்து லேப்பும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள், 3.717 கி.மீ. டிராக்கில் எனக்கு அதில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஓடி முடித்ததும் நண்பர் ஒருவர் கேட்கட்டும், எந்தெந்த போஸ்ட்டில் மார்ஷல் கொடி காட்டினார் என்று. ஒன்றைத் தவறவிட்டிருந்தால் ஹட்டைக் கழற்றிப் பையில் போடுங்கள், அன்றைக்கு அது வேண்டாம்.

எப்போதாவது ஹெல்மெட் நல்ல அடி வாங்கினால் அது எப்படியும் போச்சு, புதிதுதான் வாங்க வேண்டும். கிளிப்பையும் வெல்க்ரோவையும் அதோடு சேர்த்துத் தூக்கிப் போடுங்கள், முப்பது ரூபாய் வெல்க்ரோவைக் காப்பாற்றி எதுவும் ஆகப் போவதில்லை. ஹட் பிழைத்திருந்தால் லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன ஸ்லோ மோஷன் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.